வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்

2012 மே 4. கத்திரி வெயில் தொடங்கிய காலையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் பழைய காரை நிறுத்தி, பிளேடும் சோப்புத் தண்ணீருமாகக் கறுப்பு பிலிமை உரித்துக்கொண்டிருந்தேன். கார்க் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டியிருக்கவே கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நாடு முழுவதும் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வருடத்தின் மிகக் கொடிய வெயில் தொடங்கும் நாளாகப் பார்த்தா இந்த உத்தரவு வர வேண்டும் என்று தெருவில் பலரும் அங்கலாய்த்தார்கள். எனக்கும் அந்த ஆற்றாமை இருந்தது. பிலிம் கையோடு வந்துவிட்டது, பசை வரவில்லை. துடைத்துத் துடைத்து மதியம் ஆகிவிட்டது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கோர்வைத் தறியில் உட்கார்ந்த நெசவாளி. சாயங்காலம் காரில் ஏறியதும் பின் சீட்டிலிருந்து வெளியே பார்த்தபடி, "இப்பதான்டா உள்ள உக்காந்தா ஊரு தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்கும் நான் தெரியறேன்" என்றார்.

அந்தக் கார் போய் வேறு கார் வந்துவிட்டது. இதுவும் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றதுதான். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. மாதம் இருமுறை சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போய் வருகிறேன். இந்தக் கோடையில் வீட்டில் அதே கேள்வி மறுபடி எழுந்தது. கண்ணாடிக்கு பிலிம் ஒட்டலாமா, வேண்டாமா?

விசாரித்தேன். கார் அலங்காரக் கடையில் இருந்த பையன், "அண்ணா, இப்ப சட்டமே மாறிடுச்சு, தாராளமா ஒட்டலாம்" என்றான். அதே நாள் தெரிந்த போக்குவரத்துக் காவலர் ஒருவரிடம் கேட்டேன். "பிலிம்னு எதையும் ஒட்டாதீங்க சார், பார்த்தா செலான்தான்" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரும் தத்தமக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னார்கள். ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே கண்ணாடிக்கு இரண்டு சட்டம் இருந்தால் கார் வைத்திருப்பவன் எதை நம்புவது?

சட்டத்தின் கதை 1989-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மேல் விழும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். இதைத்தான் கடைக்காரர்கள் 'விஎல்டி' என்கிறார்கள். விதி இருந்ததே தவிர, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்சிக்காரர் வண்டி, காண்டிராக்டர் வண்டி, கல்யாண வண்டி எல்லாம் கரிச்சட்டி போலக் கறுத்துத் திரிந்த காலம் அது. கறுப்புக் கண்ணாடி என்றால் உள்ளே பெரிய மனிதர் இருக்கிறார் என்று அர்த்தம்.

கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா, நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், சுவதந்திர குமார் அடங்கிய அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. விதி பேசுவது தொழிற்சாலையில் தயாராகும் கண்ணாடியைப் பற்றி; அதன்மேல் பிறகு எதையாவது ஒட்டுவதற்கு விதியில் இடமே இல்லை என்பது நீதிமன்றத்தின் வாசிப்பு. ஆகவே எத்தனை சதவீத வெளிச்சத்தை விடும் பிலிமாக இருந்தாலும் ஒட்டக் கூடாது, வேறெந்தப் பொருளையும் கண்ணாடிமேல் ஒட்டக் கூடாது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்துறைச் செயலரும் காவல் துறைத் தலைமையும் அடங்கிய குழு ஆராய்ந்து விலக்குத் தரலாம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்களைத்தான் நீதிமன்றம் முதன்மையாகக் கருதியது. தனிமனித வசதி பொதுமக்கள் பாதுகாப்புக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓர் இளம்பெண்ணைச் சிதைத்த பேருந்து நகரத்தின் சாலைகளில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிகளில் கறுப்பு பிலிமும் திரைச்சீலையும் இருந்தன. தீர்ப்பு எழுதப்பட்டதற்கும் தெருவில் நிறைவேற்றப்பட்டதற்கும் நடுவே கிடந்த தூரம் எவ்வளவு என்று அன்றைக்கு நாடே பார்த்தது. பிலிமை உரிக்கச் சொன்னதற்காக முணுமுணுத்த நான் அதன்பிறகு முணுமுணுத்ததில்லை.

பிறகு விதி மாறியது. 2020-ல் மத்திய அரசு 100-வது விதியைத் திருத்தியது. 'பாதுகாப்புக் கண்ணாடி' என்று இருந்த இடத்தில், கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த வகையையும் தரநிலைக்கு உட்பட்டு ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. ஆனால் 70, 50 என்ற அளவுகள் மாறவில்லை. கடைப் பையன் சொன்ன 'சட்டம் மாறிடுச்சு' இதுதான். அவன் சொல்லாமல் விட்டது அளவு மாறவில்லை என்பதை. இந்தத் திருத்தத்தைப் படலம் ஒட்டிய கண்ணாடியுடன் வரும் புதுக் கார்களுக்கு மட்டும் பொருத்துவதா, நாமே பிறகு ஒட்டிக்கொள்வதற்கும் பொருத்துவதா என்ற வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில் நீதிபதி என்.நகரேஷ், விதி சொல்லும் வெளிச்ச அளவு குறையாமல் இருந்தால் வாகன உரிமையாளரும் ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்பளித்தார்.

கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த நீதிபதி விளக்கியது மத்திய விதியை. அது களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். காவலர் மனத்தில் 2012 நிற்கிறது, கடைக்காரர் மனத்தில் 2021 நிற்கிறது. இரண்டையும் இணைத்து, நம் ஊரில் எது செல்லும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியது மாநிலப் போக்குவரத்துத் துறை. அது சொல்லாத வரைக்கும் சோதனைச் சாவடியில் நடப்பது பேரம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் சட்டப்படி நடந்தவனும் நடக்காதவனும் ஒரே செலானை வாங்கினால், சட்டப்படி நடக்க யாருக்கு மனம் வரும்?

ஒட்டலாம் என்று ஆகிவிட்டால் எதை ஒட்டுவது? இங்கேதான் நம் எல்லோருக்கும் ஒரு பழைய மயக்கம் இருக்கிறது. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற மயக்கம்.

சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். புற ஊதாக் கதிர் 5 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மிச்சம்தான் நாம் காணும் வெளிச்சம். சாதாரணக் கறுப்பு பிலிமில் இருப்பது சாயம். அது பிரதானமாகத் தடுப்பது வெளிச்சத்தை. தடுத்த வெளிச்சத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகி, கண்ணாடியையும் சூடாக்கி, அதில் ஒரு பங்கைக் காருக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதி அதைத் தாண்டி உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. கண் குளிர்கிறது, உடம்பு குளிர்வதில்லை. சில வருடத்தில் சாயம் ஊதா நிறத்துக்கு வெளிறி, ஓரத்தில் கொப்புளம் கட்டும். பழைய கார்களில் எல்லோரும் பார்த்திருப்போம்.

சாயம் வெளுப்பது எப்படி என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் நனைத்தெடுத்த பட்டுநூலை நிழலில்தான் உலர்த்துவார்கள். இயற்கை இழைகளில் வெயிலுக்கு மிகச் சீக்கிரம் நலிவது பட்டு. நாள் முழுக்க வெயில் பட்டால் வெள்ளைப்பட்டு மஞ்சளிக்கும், நிறப்பட்டு மங்கும், இழை பலமிழக்கும். அதற்குப் பெரிய காரணம் புற ஊதாக் கதிர். அதே ஊரில், காந்தி சாலைக் கடைகளில் சேலையை முடிவு செய்கிற நேரம் வந்ததும் கடைக்காரரே அதை வாசல் பக்கம் கொண்டுவந்து, "வெளிச்சத்துல பிரிச்சுப் பாருங்கம்மா" என்பார். குழல்விளக்கின் கீழே அரக்கும் மாம்பழ மஞ்சளும் வேறு நிறமாகத் தெரியும். நூலுக்கு நிழல் வேண்டும், நிறத்துக்கு வெளிச்சம் வேண்டும். காஞ்சிபுரம் இரண்டையும் பிரித்துத் தெரிந்துவைத்திருக்கிறது. கார்க் கண்ணாடிக்கும் இதேதான் வேண்டும்: கெடுக்கிற கதிர் வெளியே நிற்கட்டும், வெளிச்சம் உள்ளே வரட்டும்.

அது முடியக்கூடிய காரியம். இப்போது 'செராமிக் பிலிம்' என்று விற்கிறார்களே, அதில் மிக நுண்ணிய துகள்கள் அகச்சிவப்பை மட்டும் தேர்ந்து தடுக்கும்படி செய்திருப்பார்கள். பார்வைக்குக் கண்ணாடி போலவே இருக்கும், புற ஊதாவை ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிடும். நடுவில் உலோகப் பூச்சுப் பிலிம் என்று ஒன்று உண்டு. வெயிலை நன்றாகத் திருப்பியடிக்கும், ஆனால் செல்போன், ஜிபிஎஸ், பாஸ்டேக் அலைகளையும் தடுமாற வைக்கக்கூடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சுங்கச்சாவடியில் பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடிக்க, பாஸ்டேக் படிக்காமல் நிற்கிற அவஸ்தையை யாரும் விலைகொடுத்து வாங்க வேண்டாம்.

கடைகளில் ஒரு சோதனை காட்டுவார்கள். சிவப்பாக எரியும் வெப்ப விளக்கு ஒன்று, அதன் முன்னே பிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டு, இந்தப் பக்கம் உங்கள் கை. ஒட்டாத கண்ணாடியில் சுடும், ஒட்டியதில் சுடாது. அதைப் பார்த்ததும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அந்த விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயில் அப்படி இல்லை. 'அகச்சிவப்பில் இத்தனை சதவீதம் தடுக்கும்' என்ற எண்ணைக் காட்டினால் திருப்தியடையாதீர்கள். மொத்த வெயில் ஆற்றலில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கும் என்று கேளுங்கள். அந்த எண் பெரும்பாலும் சிறியதாக இருக்கும், உண்மையானதும் அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். '50 சதவீத பிலிம், சட்டம் 50 சதவீதம், சரியாப் போச்சு' என்பார்கள். சரியாகப் போகாது. கார்க் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லேசான பச்சை நிறத்தில்தான் வருகிறது. பக்கக் கண்ணாடி வெளிச்சத்தில் 75 சதவீதத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 சதவீத பிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 37.5 சதவீதம். சட்ட எல்லைக்குள் நிற்க வேண்டுமென்றால் பிலிம் மட்டும் 67 சதவீதத்தையாவது விட வேண்டும். 70 சதவீத பிலிம் என்றால் மொத்தம் 52.5 வரும். முன்கண்ணாடிக்கு எல்லை 70 என்பதால் அங்கே கிட்டத்தட்ட எதற்கும் இடமில்லை. அதாவது, சட்டப்படி ஒட்டிய பிலிம் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒட்டியிருப்பதே தெரியக் கூடாது. 'ஒட்டினது தெரியணும் அண்ணா, இல்லன்னா காசு கொடுத்து என்ன பிரயோஜனம்' என்று அந்தப் பையன் சொன்னபோதுதான், இந்த வியாபாரத்தில் இன்னும் விற்பது வெயில் தடுப்பு இல்லை, பெரிய மனிதத் தோற்றம் என்று புரிந்தது.

இவ்வளவுக்கும் நாம் கண்ணாடிக்கு அந்நியமான மாவட்டத்தில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்துகொண்டிருக்கிறது. ஒரகடத்தில் ரெனோ ஆலை இருக்கிறது. செயின்ட் கோபைன் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி உருக்கத் தொடங்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காரும் கண்ணாடியும் பிறக்கிற மண்ணில், கண்ணாடியில் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று அளக்கிற கருவி ஒரு போக்குவரத்துக் காவலர் கையிலும் நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கருவி அது. கண்ணாடியின் இரு பக்கமும் வைத்தால் எண் வந்துவிடும். அது இல்லாமல் கண்ணால் பார்த்து 'கறுப்பு', 'கறுப்பில்லை' என்று முடிவு செய்தால், ஒரே கார் காலை வெயிலில் தப்பிக்கும், மாலை நிழலில் மாட்டிக்கொள்ளும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது நாங்கள் போகும் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குக் காலையில் போனால் கிழக்கே போகிறோம். மாலையில் திரும்பினால் மேற்கே வருகிறோம். போகும்போதும் வரும்போதும் சூரியன் நேர் முகத்தில். அப்பாவின் கண்ணைக் கூசவைக்கும் வெயில் முன்கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. அதில் ஒட்டுவதற்கு இடமில்லை என்று மேலே பார்த்தோம். காரிலேயே பெரியதும் சாய்வானதும் அந்தக் கண்ணாடிதான். நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் பெருமளவு அதன் வழியாகவே இறங்குகிறது. பக்கக் கதவுகளில் எவ்வளவு கறுப்பாக ஒட்டினாலும் இது தீராது. வண்டியை நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குப் பின்னால் சில நூறு ரூபாயில் கிடைக்கிற பளபளப்பான மடிப்புத் திரையை விரித்துவைப்பது, ஏறுவதற்கு முன் நாலு கதவையும் ஒரு நிமிடம் திறந்துவைப்பது, நிழல் தேடி நிறுத்துவது ஆகிய மூன்றும் தரும் ஆறுதலை விலை அதிகமான பிலிமும் முழுதாகத் தருவதில்லை. அப்பாவின் கண்ணுக்குத் தொப்பியும் குளிர்கண்ணாடியும் போதும் என்று கண் மருத்துவரே சொன்னார்.

பக்கக் கண்ணாடியில் எனக்கு இருக்கும் கவலை வேறு, அது புற ஊதாக் கதிர். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது, புற ஊதாவை நன்றாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 29 கார்களை அளந்தார்கள். தோலுக்குள் ஆழமாக இறங்கும் புற ஊதா ஏ கதிரில் முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதத்தைத் தடுத்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகள் தடுத்தது சராசரியாக 71 சதவீதம், மிகக் குறைந்த அளவு 44 சதவீதம்தான். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் முகத்தில் ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் முதுமையேறிச் சுருங்கிக் கிடந்த படம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2012-ல் வந்து உலகமெல்லாம் சுற்றியது. நம் ஊரில் லாரி, வேன், டாக்ஸி ஓட்டுபவர்களின் வலக்கையைப் பாருங்கள், இடக்கையைப் பாருங்கள். என் கைகளிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. வெயில் படவே கூடாத தோல் நோய் உள்ளவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை, உடல்நிலைப் பிரச்சினை. 2012 தீர்ப்பு அவர்களுக்குத் தனி வாசல் திறக்கவில்லை. ஆனால் புற ஊதாவைத் தடுக்க இருட்டு தேவையில்லை. நிறமே இல்லாத பிலிமும் அதைச் செய்யும். திருத்திய விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

ஏன் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் சொன்னது குற்றத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது தெரு.

இந்த ஊர்த் தெருக்கள் காருக்காக வந்தவை அல்ல. தேருக்காக அகன்றவை சில, தறிக்காரர் வீடுகளுக்கு நடுவே ஒடுங்கியவை பல. மூங்கில் மண்டபம் சந்திப்பில் ஒரு முகூர்த்த நாள் காலையில் நின்று பாருங்கள். ஆந்திரத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம், பூக்கூடைக்காரம்மா, பள்ளிப் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ, பாவைச் சுருட்டி சைக்கிளில் கட்டி எடுத்துப்போகும் நெசவாளி, நடுவே ஒரு மாடு. இத்தனைக்கும் சிக்னல் எதுவும் போதாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் கடக்கிறார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டாரா, தலையசைத்தாரா, கையால் 'போ' என்றாரா என்று பார்த்துத்தான் பாட்டி சாலையில் கால் வைக்கிறாள். கண்ணாடி கறுத்தால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். எதிரே வருவது ஒரு மனிதர் ஓட்டும் வண்டியாக இல்லாமல், முகமில்லாத இரும்பாகிவிடும்.

நிறுத்திவைத்த காரும் பேசும். சைக்கிளில் போகிறவர் ஓரமாக நிற்கும் காரை நெருங்கும்போது உள்ளே தலை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் கதவு திறக்கலாம் என்று தள்ளிப்போவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பழைய காரில் கறுப்பு பிலிம் இருந்த காலத்தில் ஒருநாள் மேற்கு ராஜவீதியில் நான் கதவைத் திறந்தேன். நூல் கட்டிய சைக்கிளோடு ஒருவர் வந்து மோதி விழுந்தார். அடி அதிகமில்லை. நூல் சிட்டங்கள் சேற்றில் உருண்டன. அவர் என்னைத் திட்டவில்லை. "உள்ள ஆள் இருக்கறது தெரியலைங்க" என்று மட்டும் சொன்னார். அந்த நூலுக்குப் பணம் கொடுத்தேன். கொடுத்தும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை.

முன்னால் போகும் காரின் பின்கண்ணாடி, முன்கண்ணாடி இரண்டையும் ஊடுருவித்தான் பின்னால் வருபவர் அதற்கும் முன்னால் இருப்பதைப் பார்க்கிறார். நெடுஞ்சாலையில் யோசிக்காமலே எல்லோரும் செய்வது இது. என் கண்ணாடி இருண்டால் குருடாவது நான் மட்டுமில்லை, என் பின்னால் வருகிற பத்துப் பேரும்தான். இரவு மழையில், கண்புரை தொடங்கிய வயதில், 35 சதவீத பிலிம் வழியாகப் பக்கக் கண்ணாடியில் தெரியும் பைக் விளக்கைக் கணித்துக் காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பூட்டிய காருக்குள் குழந்தைகள் சிக்கி இறப்பது ஒவ்வொரு கோடையிலும் எங்காவது நடக்கிறது. 2025 மே மாதம் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் விளையாடப் போன நான்கு குழந்தைகள் நிறுத்தியிருந்த காருக்குள் இறந்துகிடந்தார்கள். வெளியே மிதமான வெப்பம் இருந்தாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். அப்படி ஒரு பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால், தெருவில் போகிற யாராவது ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்ப்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே வாய்ப்பு. அந்தப் பார்வையை மறைக்கிற எதையும் என் காரில் ஒட்ட எனக்கு மனமில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. தனியாகக் கார் ஓட்டும் பெண்கள் சிலரிடம் கேட்டேன். எங்கள் உறவில் ஒருத்தி ஒரகடத்தில் வேலை பார்க்கிறாள், இரவுப் பணி முடித்துத் தானே ஓட்டி வருகிறாள். "உள்ள நான் மட்டும்தான் இருக்கேன்னு வெளிய தெரியக் கூடாது சித்தப்பா, அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள். பைக்கில் ஒட்டி வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொன்னாள். அவளிடம் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் பயம் நியாயமானது. ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. கறுப்புக் கண்ணாடி அவளை மறைக்கிற அளவுக்கு, அவளுக்கு உதவி தேவைப்படுகிற நேரத்தில் அந்த உதவியையும் மறைக்கும். அந்தச் சாலையில் அவளுக்கு வேண்டியது விளக்கும் ரோந்து வண்டியும். அவை இல்லாததற்கு ஈடாக ஒரு பிலிமை அவளே காசு கொடுத்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று விடுவது நம் எல்லோருக்கும் வெட்கம். அவளிடமும் இதைச் சொன்னேன். "லைட்டு போடற வரைக்கும் என்ன பண்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதில்லை. திருத்திய 100-வது விதி தமிழ்நாட்டில் எப்படிச் செயல்படும் என்று போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் சேர்ந்து எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பு வெளியிடட்டும். ஒவ்வொரு சோதனைக் குழுவிடமும் அளவுக் கருவி இருக்கட்டும். எண்ணைக் காட்டாமல் அபராதம் போடக் கூடாது. ஒட்டுகிற கடை, ஒட்டி முடித்த பிறகு நாலு கண்ணாடியையும் அளந்து, எண்ணைப் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். இன்றைக்குக் கடைக்காரர் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார், செலான் கார்க்காரருக்கு வருகிறது. அளவு குறைந்தால் கடையும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆனால், 35 சதவீத பிலிம் கடைகளில் தானாகக் காணாமல் போகும்.

சோதனையைக் கொடி கட்டிய வண்டிகளிலிருந்தும் அரசு முத்திரை உள்ள வண்டிகளிலிருந்தும் தொடங்க வேண்டும். இந்த ஊர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், அத்திவரதர் தரிசனத்துக்கு வந்த பெருங்கூட்டத்தைத் தாங்கியது. அந்த நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தின் தெருக்களில் மைல் கணக்கில் நடந்துவந்த ஏழை எளியவர்களை ஒதுக்கிக்கொண்டு, உள்ளே யார் என்று தெரியாத கண்ணாடிகளோடு வண்டிகள் போனதை நாங்கள் பார்த்தோம். உள்ளே யார் என்று தெரியாவிட்டாலும் பெரியவர் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய மனிதருக்கு ஒரு கண்ணாடி, மற்றவருக்கு ஒரு கண்ணாடி என்று இருக்கிற வரைக்கும் பிள்ளையார்பாளையத்துப் பையன் கறுப்பு பிலிமைத்தான் விரும்பிக் கேட்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் காருக்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் எதுவும் ஒட்டவில்லை. நாலு பக்கக் கண்ணாடிக்கும் நிறமில்லாத பிலிம். சில ஆயிரம் கூடுதலாக ஆனது. ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் அளந்து காட்டுகிற கடையைத் தேடி இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் சென்னையில்தான் கிடைத்தது. 52 என்று வந்த எண் பில்லில் இருக்கிறது, பில் காரில் இருக்கிறது. முன்கண்ணாடிக்கு மடிப்புத் திரை, அப்பாவுக்குத் தொப்பி.

வைகாசி கருட சேவை அன்று விடிவதற்கு முன்பே அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கூட்டத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனவர் நின்று, குனிந்து, கண்ணாடி வழியாக உள்ளே உற்றுப் பார்த்தார். பிறகு விரலால் கண்ணாடியைத் தட்டினார். அப்பா கண்ணாடியை இறக்கச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் ஒரே முதலாளியிடம் பக்கத்துத் தறியில் உட்கார்ந்தவராம். "நீதானா? நான் பார்த்துக்கிட்டே வந்தேன்" என்றார் அவர். பின்னால் ஹாரன் அடித்தார்கள். இருவரும் கையை விடவில்லை.